‘எல்லாரும் ஆரோக்கியம்தான்’ என்று எழுதிய என் மகனுக்கு

கண்ணு,

இதை உன் போனுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வரும், அப்புறம் "சரிம்மா, லீவுல வந்து பேசறேன்" என்று ஒரு வரி வரும், அதோடு முடிந்தது. லீவில் வந்தாலும் நீ பேசுகிறவனாக இல்லை. அப்பா போனதிலிருந்து இந்த வீட்டுக்குள் நுழைந்ததும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, அவர் நாற்காலி இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி உட்காருகிறாய். அதனால் நீ எங்கே எழுதினாயோ அங்கேயே நானும் எழுதுகிறேன். போனில் எல்லோரும் வழி கேட்கிற இந்தப் பயணக் குழுவில் இருக்கிற அத்தனை பேரும் படிக்கட்டும். பெற்ற தாயே பிள்ளையின் மானத்தை வாங்குகிறாளே என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். நீயும் நானும் சேர்ந்து ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தது இந்த இடத்தில்தான், இத்தனை பேர் பார்க்கத்தான். அதைத் துடைக்கிற வேலையை மட்டும் சமையலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய முடியாது.

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள். நான் ஆலங்காயத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். உன் அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கருகிப்போன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். கார்த்திகையில் ஜவ்வாது மலைக்குப் போன இடத்தில் அவர் இறந்துபோனார். அதற்கு இந்தக் குழுவில் வழி சொன்ன ஒரு பெண்தான் காரணம் என்று நீ எழுதினாய். படித்தவர்கள் எல்லோரும் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். இத்தனை மாதம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். போன வாரம் நீ போட்ட புதுக் கேள்வியைப் பார்க்காவிட்டால் இன்னும்கூட இருந்திருப்பேனோ என்னவோ. "ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க அம்மாவுடன் ராமேஸ்வரம் போகிறேன். ரயிலில் போவதா, காரில் போவதா? அம்மா நன்றாக நடப்பார், ஒரு பிரச்சினையும் இல்லை." நன்றாக நடப்பேனாம்! மாடிக்குத் துணி உலர்த்த ஏறி இறங்குவதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எத்தனை சாமியைக் கூப்பிடுகிறேன் என்று உன் காதால் கேட்டிருக்கிறாய். சர்க்கரைக்கு ஊசி போடுகிறேன், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், அதுவும் உனக்குத் தெரியும். ஒரு உயிர் போயும் நீ கேள்வி கேட்கிற விதம் மாறவே இல்லை.

முதலிலிருந்து வருகிறேன். உனக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய சமயத்தில்தான் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு மோட்டாரைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியைத் தேடுவார். வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். இதயம் பலவீனமாகிவிட்டது, உப்பைக் குறைக்க வேண்டும், மேடு ஏறக் கூடாது, உடம்பில் நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதற்கு நம் வீட்டில் தண்ணி மாத்திரை என்று பெயர். போட்டுக்கொண்டால் காலை முழுக்கப் பாத்ரூமுக்கும் கூடத்துக்குமாக நடப்பார், ஆனால் படுத்தால் மூச்சு நிதானமாக வரும். ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தி நம் இருவரிடமும் அப்பா சொன்னது உனக்கு மறந்திருக்காது. "இத்த யாருக்கும் சொல்லாதீங்க. பையனுக்கு வரன் வர்ற நேரம். மாமனாரு நோயாளின்னு தெரிஞ்சா, போன ஒடனே எம் பொண்ணு பெட்பேன் தூக்கணுமான்னு ஒதுங்கிடுவாங்கோ." நான் மறுத்துப் பேசவில்லை, நீயும் பேசவில்லை. மெலிந்துவிட்டாரே என்று கேட்டவர்களிடம் வாயுத் தொல்லை என்றோம். அதைச் சொல்லிச் சொல்லி நமக்கே வாயுத் தொல்லை மாதிரிதான் தெரிய ஆரம்பித்தது.

வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வரன் அமைந்தது. நல்ல மனிதர்கள், நல்ல பெண். பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைக்க வேண்டும், அதைப் பிள்ளையின் அப்பாதான் கையால் வைக்க வேண்டும் என்பது நம் பக்கத்து முறை. நம் சாமி ஜமுனாமரத்தூரைத் தாண்டி மலைமேல் இருக்கிறது. உனக்குக் காது குத்தப் போனதோடு சரி, அதற்கப்புறம் நாம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டார் நாங்களும் வருகிறோம், எல்லோரும் ஒரே வேனில் போகலாம் என்றார்கள். அப்பாவால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் முடியாது என்று கேட்பார்களே.

மலை நம் கொல்லைப்புறத்தில் நிற்கிறது. அங்கே போக வழி கேட்க இன்டர்நெட்டுக்குப் போவானேன் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். நம் ஊரில் வழி கேட்டுப் பார்த்தால் தெரியும். மலைக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் கோயில் வரைக்கும் வேன் போகுமா என்று கேட்டால் அவர் போகும் என்றோ போகாது என்றோ சொல்ல மாட்டார். "யாரு போறீங்க?" என்பார். "வூட்ல எல்லாருமா? மோட்டார் கடைக்காரரும் வர்றாரா? போன வாரம் சந்தையில நின்னு நின்னு நடந்துனு போனாரே, உடம்புக்கு இன்னா அவருக்கு?" என்பார். பக்கத்தில் டீ குடிக்கிற ஆள் காதைத் தீட்டிக்கொள்வார். பதில் வருவதற்குள் நம் வீட்டுக் கதை முழுக்க பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடும். "வேணாம்மா, குரூப்ல கேக்கறேன். கேட்டதுக்கு மட்டும் பதில் வரும்" என்று நீ சொன்னாய். நல்ல யோசனைதான் என்றேன். யார் போகிறார்கள் என்று முதலில் கேட்பது அந்தக் கண்டக்டரின் வம்பு இல்லை, வழி சொல்கிற முறையே அதுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் கேள்விக்குப் பயந்துதான் நாம் முகம் தெரியாதவர்களிடம் போனோம்.

நீ எழுதிய கேள்வி எனக்கு மனப்பாடம். "குடும்பத்துடன் ஒருநாள் பயணமாகக் கோயிலுக்குப் போகிறோம். ஆலங்காயம் வழி சாலை எப்படி இருக்கிறது? வேன் எதுவரை போகும்?" போட்ட கொஞ்ச நேரத்தில் கல்யாணப் பெண்ணின் அண்ணன் அதற்கு லைக் போட்டார். அவரும் இதே குழுவில்தான் இருந்தார், அது நமக்கு அதுவரை தெரியாது. நிறைய பேர் வந்து நிறைய சொன்னார்கள், பாதிப் பேர் மலைக்கே போனதில்லை. ஒழுங்காகப் பதில் சொன்னது ஒரே ஒரு பெண். செம்பருத்திப் பூவைப் படமாக வைத்திருப்பவள், கோயில் இருக்கிற அந்த மலையூர்தான் அவளுக்கு. "ஆலங்காயம் வழியா வாங்க. ரோடு நல்லா கீது, வளைவுதான் ஜாஸ்தி, வாந்தி வர்றவங்க முன்சீட்ல உக்காருங்க. வேன் எங்க ஊரு வரைக்கும்தான். அங்கேந்து கோயிலுக்கு ஏத்தம். பாதியில ஒரு நாவ மரம் கீது, அதுங்கீழ குந்திட்டு ஏறலாம். நிதானமா போனா எல்லாரும் போலாம். மேல டவர் எடுக்காது, பொழுதோட எறங்கிடுங்க." வேறு யார் இவ்வளவு பொறுமையாக எழுதுவார்கள்? அதோடு அவள் விடவும் இல்லை. கீழே இன்னொன்று எழுதினாள். "பெரியவங்க யாராவது வர்றாங்களா? நெஞ்சுவலி, மூச்சு வாங்கறது அந்த மாரி ஏதாவது கீதா? இருந்தா சொல்லுங்க, வேற மாரி சொல்றேன்."

நீ போனோடு சமையலறைக்கு வந்தாய். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். "ம்மா, ஒரு பொண்ணு கேக்குது, வயசானவங்க வர்றாங்களான்னு. இன்னா போடட்டும்?" என்றாய். நான் கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சம்பந்தி வூட்டுப் பையன் பாத்துனுதானே இருப்பான்? எல்லாரும் ஆரோக்கியம்தான்னு போடு" என்றேன். நீ அப்படியே போட்டாய். அந்த இரண்டு வார்த்தை என்னுடையது. விரல் மட்டும்தான் உன்னுடையது. நீ தூங்காமல் கிடக்கிற ராத்திரிகளில் இதையும் நினைத்துக்கொள், முழுச் சுமையும் உன் தலைமேல் இல்லை.

அப்பாவின் கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்களை நினைத்துப் பார்க்கிறேன். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டிக் கருக்கிவிட்டு, "சும்மா ஓடினு இருந்துச்சுண்ணா, தானா நின்னு போச்சு" என்பார்கள். அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். "நீ நெசத்த சொன்னா இன்னிக்கி கட்டித் தருவேன். பொய் சொன்னா ரெண்டு நாளு தேடுவேன், அவ்ளோதான். நஷ்டம் உனக்குத்தான்யா" என்பார். அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொல்வார்கள். அப்படிக் கறாராக இருந்த மனிதர் தன் உடம்பு விஷயத்தில் அத்தனை பேரையும்விடப் பெரிய புளுகராக இருந்தார். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், நான் படுகிறேன்.

கிளம்புகிற அன்று காலையில் மாத்திரையும் தண்ணீரும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இன்னிக்கி வேணாம்மே. வழியெல்லாம் வண்டிய ஓரங்கட்டச் சொல்றதா? பொம்பளைங்கல்லாம் வர்றாங்கோ. சம்பந்தி இன்னா நெனப்பாரு?" என்றார். "நேத்தும் பத்திரிகை வேலையா அலைஞ்சதுல போடலியேங்க" என்றேன். "வந்து சேத்துப் போட்டுக்கறேன், வுடு" என்றார். நீ கண்ணாடிமுன் நின்று தலை வாரிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நாம் இருவரும் விட்டுவிட்டோம். ஏழு பேர் வேனில் ஏறினோம். சம்பந்தியம்மா புளிசாதமும் மோர்மிளகாயும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மரியாதைக்காக அப்பா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார், உப்பு ஆகாது என்று சொல்ல முடியுமா? வழி நெடுக அவர்தான் கலகலப்பு. மோட்டார் கதையெல்லாம் சொல்லி மருமகளாக வரப்போகிற பெண்ணைச் சிரிக்கவைத்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவரை நோயாளி என்று சொல்ல மாட்டார்கள்.

வேன் நின்ற இடத்தில் ஒரு மேடையும் அதன்மேல் ஒரு சூலமும் இருந்தன. மஞ்சள் துணி சுற்றியிருந்தது, காலடியில் ஒன்றிரண்டு பத்திரிகைகள் மழையில் நனைந்து காய்ந்து கிடந்தன. யாரோ போகிற போக்கில் வைத்தவை என்று நினைத்தேன். அப்பா அந்த மேடையில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றார். "போலாமா?" என்று சம்பந்தி கேட்டதும் முதல் ஆளாகப் பத்திரிகைத் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். சாமை விதைத்த கொல்லை ஓரமாக ஏறினோம். நாவல் மரத்தடிக்கு வந்ததும் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. உதடு கறுத்துவிட்டது, நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் வெளியில் கேட்டது. அப்போதும் சம்பந்தியைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, வாயுத் தொல்ல, நீங்க ஏறுங்க" என்றார். நீயும் பெண்ணின் அண்ணனும் தோளில் தாங்கி இறக்கினீர்கள். குழுவில் சொன்ன மாதிரியே டவர் எடுக்கவில்லை. ஊருக்குள் ஓடி ஆள் கூப்பிட்டு, சுகாதார நிலையம் வந்து சேர்ந்தோம், அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள். முடிந்ததையெல்லாம் செய்தார்கள். "இன்னா மாத்திரைம்மா சாப்புடுறாரு?" என்று டாக்டர் கேட்டபோது, அத்தனை மாதம் மூடிவைத்ததை எல்லாம் சம்பந்தி வீட்டார் சுற்றி நிற்க நான் வரிசையாக ஒப்பித்தேன். ஆம்புலன்ஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர் கை என் கைக்குள் இருந்தது. "அவங்கல்லாம் சாப்ட்டாங்களா?" என்று கேட்டார். அதற்கப்புறம் பேசவில்லை. அடிவாரம் வருவதற்குள் முடிந்துவிட்டது. பத்திரிகை வைத்த தட்டு நாவல் மரத்தடியிலேயே தங்கிப்போனது, யாரும் திரும்பப் போய் எடுக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நீ குழுவில் எழுதினாய். "இந்தப் பெண்ணின் பேச்சை நம்பிப் போய் என் அப்பாவைப் பறிகொடுத்தேன்" என்று. அவள் எழுதியதில் "நிதானமா போனா எல்லாரும் போலாம்" என்ற இடத்தை மட்டும் படம் பிடித்துப் போட்டாய். அதற்குக் கீழே அவள் கேட்ட கேள்வியும் நீ சொன்ன பதிலும் அந்தப் படத்தில் இல்லை. பழைய பதிவை முழுதாக அழித்துவிட்டிருந்தாய். அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தாய், ஆயிரம் பேர் அழுதார்கள், அழுதுவிட்டு அவளை அடிக்கப் போனார்கள். கொலைகாரி என்றார்கள். தெரியாத ஊருக்கு ஆளை வரவழைத்துச் சம்பாதிக்கிறவள் என்றார்கள். எழுதக் கூசுகிற வார்த்தையெல்லாம் சொன்னார்கள். "பெரியவங்க வர்றாங்களான்னு கேட்டேனே, எல்லாரும் ஆரோக்கியம்னு சொன்னாங்களே" என்று அவள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். செத்தவர்மேலேயே பழி போடுகிறாயா என்று இன்னும் நாலு பேர் பாய்ந்தார்கள். நீ அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் அவள் எழுதியதை நீ படித்தாயா, இல்லை கண்ணை மூடிக்கொண்டாயா? "ஒரு தடவ கேட்டேன். இன்னொரு தடவ கேட்டிருக்கணும். மன்னிச்சிருங்க. மேல ஏற முடியாதவங்க கீழ சூலத்துக்கிட்டயே பத்திரிகைய வெச்சிட்டுப் போவாங்க, எங்க ஊர்ல அதான் வழக்கம். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் கையூன்றி நின்ற மேடை, கண்ணு. அவர் கையில் பத்திரிகைத் தட்டு இருந்தது. குனிந்து வைத்திருந்தால் போதும்.

அன்றிலிருந்து அவள் யாருக்கும் பதில் எழுதுவதில்லை. போன மாதம் ஒருத்தர் கைக்குழந்தையோடு மலைக்குப் போக வேண்டும், கடைசி பஸ் எப்போது என்று கேட்டிருந்தார். அங்கே பஸ் எவ்வளவு அபூர்வம் என்று தெரியாத யாரோ, எந்நேரமும் கிடைக்கும், கவலைப்படாமல் போங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் பயந்துபோய், தெரிந்ததை அவருக்குத் தனியாக எழுதினேன். தெரிந்தவள் வாயை நாம் அடைத்துவிட்டோம். இனி தெரியாதவர்கள்தான் சொல்லுவார்கள்.

நான் சும்மா இருக்கிற பொழுதுகளில் இந்தக் குழுவில் வருகிற கேள்விகளைப் படிக்கிறேன். வேறு வேலை என்ன இருக்கிறது எனக்கு? பெரும்பாலும் நம்மைப் போலத்தான் கேட்கிறார்கள். முடிவு எடுத்துவிட்டு, ஆமாம் என்று சொல்ல ஒரு ஆளைத் தேடி வருகிறார்கள். யார் வருகிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள், எந்த மாதம் என்று சொல்ல மாட்டார்கள், "போகலாமா?" என்று ஒரு வார்த்தை. யாராவது பொறுமையாகத் திருப்பிக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். வேண்டாம் என்றவருடன் சண்டைக்குப் போகிறார்கள், சரி என்றவருக்கு இதயப் படம் போடுகிறார்கள். போய்விட்டு வந்து எப்படி இருந்தது என்று சொல்கிறவர் நூற்றில் ஒருத்தர் இல்லை. ஓசியில் பதில் சொல்கிறவள் நம் வீட்டு வேலைக்காரியா? அவள் அடுப்பில் உலையை வைத்துவிட்டு நமக்காக நாலு வரி எழுதியிருப்பாள். அவளுக்கு நம் முகம் தெரியாது, நடை தெரியாது, படி ஏறினால் நாம் எப்படி மூச்சு விடுவோம் என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டுக் கண்டக்டர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதை எல்லாம் நாம்தான் எழுத்தில் கொடுக்க வேண்டும். கூட வருகிறவர்களில் யார் ரொம்பவும் முடியாதவரோ, அவரைப் பற்றி முதலில் எழுது. வெட்கமான விஷயம் என்று ஒன்றை மறைக்கத் தோன்றினால் அதைத்தான் கட்டாயம் எழுது. பெயரைச் சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்லாதே, "எங்களோடு வருகிற ஒருவருக்கு இதயம் பலவீனம்" என்று எழுதினால் போதும். வேண்டாம் என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வீட்டில் இரு. எவ்வளவு சின்ன விஷயம் பார், இதற்குப்போய் ஒரு மனிதரைக் கொடுத்தோம்.

சம்பந்தி நம் வீட்டுச் சாவுக்கு வந்து போகும்போது என்னிடம் சொன்னதை உன்னிடம் நான் இதுவரை சொல்லவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "வண்டிய நிறுத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டோமா சம்பந்திம்மா? எங்கள இன்னான்னு நெனச்சிட்டீங்க?" என்றார். கல்யாணம் தள்ளிப் போயிருக்கிறது, நின்றுபோகவில்லை. நோயை மறைத்ததை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. வழி சொன்ன பெண்மேல் நீ போட்டது பொய்ப் பழி என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது. கல்யாணப் பெண்ணின் அண்ணனும் இதைப் படிப்பார், வீட்டில் காட்டுவார். அதற்கப்புறம் அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் உன் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்பாய். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எழுதுவதற்கு முன் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுபடி ஒருதரம் அவர்களுக்குப் பயந்து மறைத்தால், அப்பா எதற்காகச் செத்தார் என்று ஆகிவிடும்.

உன்மேல் பாசம் இல்லாமல் எழுதவில்லை. தோளில் அப்பாவைச் சுமந்து அந்தச் சரிவில் நீ இறங்கியது என் கண்ணிலேயே நிற்கிறது, உன் முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது உனக்கே தெரியவில்லை. தாங்க முடியாமல்தான் யார்மேலாவது போட்டுவிட வேண்டும் என்று போட்டாய். எனக்குப் புரிகிறது. ஆனால் அவளும் ஒரு வீட்டுப் பெண். தன்னால் ஒரு உயிர் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு அந்த மலையூரில் தினமும் சூலத்தைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்கிறேன். நீ கேட்டாயம்மா. நாங்கள்தான் பொய் சொன்னோம்.

நான் சொன்னதால் மட்டும் அது தீராது. பழி போட்டது உன் பெயரில், எடுப்பதும் உன் பெயரில்தான் எடுக்க வேண்டும். நீ அழித்த கேள்விக்குப் பதிலாக, அன்றைக்கு நீ எப்படிக் கேட்டிருக்க வேண்டுமோ அப்படி ஒன்று எழுதிக் கீழே வைத்திருக்கிறேன். அதை எடுத்து உன் பெயரில் போட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டு. அதுவரைக்கும் ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுக்காதே. அதைப் போடாமல் நீ எள்ளும் தண்ணீரும் விட்டால் அப்பாவுக்குப் போய்ச் சேராது என்று எனக்குத் தோன்றுகிறது, நான் உன்னோடு வண்டியில் ஏற மாட்டேன். போட்டுவிட்டு வா. முழங்கால் வலிக்க வலிக்க வருகிறேன்.

உன் அம்மா.

நீ போட வேண்டியது:

வணக்கம் தங்கச்சி. என் கல்யாணப் பத்திரிகையைச் சாமிக்கு வைக்க உங்கள் ஊருக்கு வருகிறோம். மொத்தம் ஏழு பேர். அதில் என் அப்பாவுக்கு இதயம் பலவீனம், மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார், அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். கூட வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவார், உப்பு போட்டதைச் சாப்பிடுவார், முடியாவிட்டாலும் முடியும் என்பார், அவர் சுபாவம் அப்படி. முதல் பத்திரிகையை அவர் கையால்தான் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நீங்கள் சொல்வதைக் கேட்டு நடக்கிறோம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரலாமா?